அரைப் பேர்

நேற்றைய கல்யாணத்தின் தெர்மகோல் எழுத்தில்
மணமகன் பெயர் மட்டும் இன்னும் சுவரில் இருந்தது.
அதன் கீழே திரை. திரையில்:
தொழில்சார் ஒழுக்கநெறி, ஒருநாள் பயிற்சி, ஹட்டன்.

வாசலிலேயே வரவுத்தாளை நீட்டினான் பையன்.
காலைக்கு ஒரு கட்டம், பின்னேரத்துக்கு ஒன்று.
“ரெண்டிலயும் இப்பவே போட்டுருங்க சேர்,
பனி இறங்கினா ஒருத்தரையும் பிடிக்க ஏலாது.”
போட்டேன்.
என் கையெழுத்து எனக்கு முன்பே
பின்னேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

கொழும்பிலிருந்து வந்த ஃபர்ஸானா நிலாம்தீன்
குரலை உயர்த்தாதவர்.
ஏ என்றொரு சட்டத்தரணி, பி என்றொரு கட்சிக்காரி.
வெறும் சத்தியக்கடதாசியில் கைநாட்டு வாங்கிவைத்து
வசதிப்பட்ட நாளில் நிரப்புகிறார் ஏ.
யாருக்கு என்ன நட்டம்?
பத்து நிமிஷம். மேசை மேசையாகப் பேசுங்கள்.

எங்கள் மேசைக்கு ரோல்ஸ் வந்திருந்தது.
நட்டமே இல்லை என்றார் விமலேந்திரன், மென்றுகொண்டே.
காலையில் ஒரே பஸ். இன்னொரு தரம் வரச்சொன்னால்
அந்தப் பொம்பிளைக்கு இன்னொரு பேர் போகும்.
இரக்கம், ஐசே. இதற்குப் பெயர் இரக்கம்.

பேர்.
தோட்டத்தில் அது ஒரு நாளின் கூலி.
பதினெட்டுக் கிலோவில் இரண்டு குறைந்தால்
தராசடியில் விழுவது அரைப் பேர்,
விடிந்ததிலிருந்து மலையில் நின்ற
முழு ஆளுக்கு.

என் பையில் இருந்தாள் பி.
பேச்சியாயி. புருஷனின் சேமலாப நிதி.
பதிவேட்டில் பழனியாண்டி, மரணச் சான்றில் சின்னையா,
இருவரும் ஒரே ஆளென்று அவள் சத்தியம் செய்கிறாள்
நான் தட்டெழுதிய பன்னிரண்டு பந்திகளில்.
அடியில் அச்சிட்ட வரி:
வாசித்து விளங்கப்படுத்திய பின் என் முன்னிலையில்.
முத்திரை, விமலேந்திரனுடையது.
அவர் முன்னிலையில் அன்றைக்கு இருந்தது
மீன்பணிஸும் பத்திரிகையும்.

கிழித்தால் அவளுக்கு ஒரு பேர்.
கிழிக்காவிட்டால்?
பகல் சாப்பாட்டு வரிசையில் அவர் தோளைத் தொட்டேன்.
“முத்திரையை எடும். போவோம்.”
“இப்பவா? பிரியாணி, ஐசே.”
ஆனாலும் வந்தார். ஏன் என்று இன்றுவரை சொல்லவில்லை.

வாசலில் தாளைக் கேட்டு வாங்கி
பின்னேரக் கட்டங்களை வெட்டினோம்.
“அப்ப சர்டிபிகேட் வராதே, சேர்.”
அரைப் பேர் போட்டுக்கொள், தம்பி.

வரைபடத்தில் கிளென்டார்வி,
வாயில் பூனைக்காட்டுத் தோட்டம்.
மேல்கணக்கு, ஐந்தாம் லயம்.
காரைக் கண்டதும் கூடையோடு ஓடிவந்தாள்.
“கேஸு தோத்துருச்சுங்களா?”

வாசித்தேன். சட்டத் தமிழை உடைத்து
அவள் தமிழில் ஒவ்வொரு பந்தியாக.
தலையாட்டிக்கொண்டே வந்தவள்
ஏழாவதில் கை காட்டினாள்.

“பழனியாண்டி அவரு அண்ணன் பேருங்க.
அண்ணன் ஓடிப்போன பெறகு
அந்தப் பேர்லயே இவரு மலைக்குப் போனாரு.
முப்பத்தொரு வருஷம்.”
எங்கள் முகங்களைப் பார்த்தாள்.
“இதச் சொல்லியிருக்கக் கூடாதுங்களா?”

உழைத்தது ஒரே ஆள்தான்.
சத்தியமாக ஒரே ஆள்தான்.
அது ஏழாம் பந்தி சொல்லும் ஒரே ஆள் இல்லை.
வாசிக்காமல் விட்டிருந்தால்
திங்கட்கிழமை தாக்கல் செய்திருப்பேன்,
தைமாதத்துக்குள் காசும் வந்திருக்கும்.

மண்டபத்தில் இந்நேரம் நன்றியுரை.
ஃபர்ஸானாவின் தொலைபேசி எண்ணை
நான் வாங்கியிருக்கவில்லை.
விமலேந்திரன் புதுத்தாளை எடுத்தார்,
திரும்ப உள்ளே வைத்தார், மறுபடி எடுத்தார்.
பனி லயத்துக்குள் வந்துவிட்டது.

மைப்பெட்டி திறந்திருந்தது.
கொழுந்துக் கறை ஏறிய பெருவிரலை
அவள் நீட்டியபடியே நின்றாள்,
எங்கே வைக்க என்று கேட்டு.